அத்தியாயம் 7: குற்றம் வேறு, ஆபத்து வேறு
சிறைப் பணியாளர்களுக்குப் பாதுகாப்பு மதிப்பீடு கற்பித்தல்

இந்த அத்தியாயம் பயிற்சி கொடுப்பவர்களுக்காக எழுதப்பட்டது. புதிதாகச் சேர்ந்த இரண்டாம் நிலைக் காவலர்களும், பதவி உயர்வில் வந்த தலைமைக் காவலர்களும், உதவி சிறை அலுவலர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, சிறை விதிகள் எல்லாம் வேறு வகுப்புகளில் நடந்துவிடும். உங்கள் வேலை, நாளைக்கு இந்தச் சிறையில் என்ன கெட்டது நடக்கக்கூடும் என்று இன்றைக்கே யோசிக்கப் பழக்குவது.

முதல் வகுப்பை விரிவுரையோடு தொடங்காதீர்கள். இரண்டு கைதிகளைப் பற்றிக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒருவர் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர். வயது ஐம்பதைத் தாண்டியவர், ஆறு வருடமாகச் சிறை பேக்கரியில் வேலை செய்கிறார், மாதம் தவறாமல் மகள் வந்து பார்க்கிறாள். இன்னொருவர் செல்போன் திருட்டு வழக்கில் வந்த பத்தொன்பது வயது இளைஞர். முதல் முறை சிறைக்கு வருகிறார். பத்து நாளாக யாரும் மனு போட்டுப் பார்க்க வரவில்லை. நேற்று ஜாமீன் தள்ளுபடியானது. இன்று காலைச் சாப்பாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். இவர்களில் யாரைப் பற்றிக் கவலைப்படுவீர்கள் என்று கேளுங்கள்.

வகுப்பில் பெரும்பாலோர் கொலைக் கைதியைத்தான் கைகாட்டுவார்கள். கையை இறக்கச் சொல்லாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். ‘கொலை கேஸ் சார்’ என்பதைத் தாண்டி இன்னொரு காரணம் வராது. இங்கேதான் பாடம் தொடங்குகிறது. வழக்குப் பிரிவு, அவர் வெளியே என்ன செய்தார் என்று நீதிமன்றம் சொல்வது. சிறைக்குள் அவர் என்ன செய்வார், அவருக்கு என்ன நேரும் என்பது அதில் எழுதப்பட்டிருக்காது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். அதே ஆண்டின் கணக்கில், சிறைகளில் நேர்ந்த இயற்கைக்கு மாறான மரணங்களில் பெரும்பகுதி தற்கொலை. பாதுகாப்பு என்றதும் மதில் சுவர் மட்டும் நினைவுக்கு வரும் காவலருக்கு இந்த இரண்டு செய்திகளையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மதிப்பீடு என்றால் என்ன கேட்க வேண்டும்

படிவம் எதுவானாலும் அதற்குள் இருக்கும் கேள்விகள் கொஞ்சம்தான். யாருக்குத் தீங்கு வரலாம்? யாரால்? எந்த வழியில்? எப்போது? தடுக்க இப்போது என்ன இருக்கிறது, அது உண்மையிலேயே வேலை செய்கிறதா? கடைசிக் கேள்வியைப் பயிற்சியாளர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். கேமரா இருக்கிறது என்று எழுதியிருக்கும். படம் பதிவாகிறதா, இரவில் யார் பார்க்கிறார்கள் என்று யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம் என்று இரண்டையும் தனித்தனியாக யோசிக்கப் பழக்குங்கள். சாப்பாட்டு வரிசையில் தள்ளுமுள்ளு தினமும் நடக்கும், சேதம் குறைவு. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் கைதியை மீட்க ஆள் வருவது அரிது, வந்தால் உயிர் போகும். இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆள் போட முடியாது. மதிப்பெண் போடும் படிவங்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எண் எழுதியதும் யோசிப்பது நின்றுவிடுகிறது. எண் போட்டே ஆக வேண்டுமென்றால், பக்கத்தில் ஒரு வரி காரணம் இல்லாத எண்ணை ஏற்கக் கூடாது என்று விதி வையுங்கள்.

பிரிட்டனில் 1966 அக்டோபர் 22 அன்று, 42 ஆண்டுத் தண்டனை பெற்றிருந்த உளவாளி ஜார்ஜ் பிளேக், லண்டன் வோர்ம்வுட் ஸ்கிரப்ஸ் சிறையின் மதிலைத் தாண்டினார். முன்னாள் சக கைதி ஒருவர் வெளியிலிருந்து வீசிய கயிற்றேணியின் படிகள் பின்னலூசிகளால் ஆனவை. உள்ளே அவர் யாரோடும் சண்டை போடாத, எல்லோருக்கும் பிடித்த கைதி. அதே ஆண்டு டிசம்பரில் வந்த மவுண்ட்பேட்டன் அறிக்கைதான், தப்பினால் பொதுமக்களுக்கும் நாட்டுக்கும் எவ்வளவு ஆபத்து என்பதை வைத்துக் கைதிகளை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிக்கச் சொன்னது. நல்ல பிள்ளையாக இருப்பவர் தப்ப மாட்டார் என்ற நினைப்புக்கு இதைவிடச் சரியான பதில் வகுப்பில் கிடைக்காது. முதல் பயிற்சியில் பேக்கரிக் கைதியைக் கைகாட்டியவர்களுக்கும் இங்கே கொஞ்சம் நியாயம் கிடைக்கும். அமைதி எதற்கும் சான்றில்லை. விசாரித்துப் பார்த்த பிறகு எழுதும் காரணம்தான் சான்று.

அட்மிஷன் மேசை

ஒரு கைதியைப் பற்றி மிக அதிகமாகத் தெரிந்துகொள்ளக்கூடிய நேரம் அவர் உள்ளே வரும் முதல் அரைமணி. அதை நாம் அங்க அடையாளம் குறிப்பதிலும் பொருட்களைப் பட்டியல் போடுவதிலும் கழித்துவிடுகிறோம். இதற்கு நடிப்புப் பயிற்சி வையுங்கள். ஒருவர் கைதி, ஒருவர் காவலர், மற்றவர்கள் பார்வையாளர்கள்.

கேள்வி கேட்கும் விதத்தைத் திருத்துவதே இங்கே முக்கியம். ‘தற்கொலை எண்ணம் இருக்கா?’ என்று எடுத்த எடுப்பில் கேட்டால் ‘இல்லை சார்’ என்ற பதில்தான் வரும். நீங்க இங்க வந்தது வீட்டுக்குத் தெரியுமா, யார் வந்து பார்ப்பாங்க, ராத்திரி தூக்கம் எப்படி, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, கடைசியா எப்ப குடிச்சீங்க என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் நான்காவது கேள்விக்குள் ஆள் பேச ஆரம்பித்துவிடுவார். அதன் பிறகு தற்கொலை பற்றியும் நேராகவே கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

குடி பற்றிய கேள்விக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கும், வியர்க்கும், இல்லாததெல்லாம் தெரியும், குழறிக் கத்துவார், பாய்வார். வலிப்பும் வரலாம். விவரம் தெரியாத காவலருக்கு இது திமிராகத் தெரியும். லத்தியை எடுப்பார். அது மருத்துவரை அழைக்க வேண்டிய நேரம். தாமதித்தால் உயிர் போகும். எத்தனையோ காவல் மரணப் புகார்களின் தொடக்கம் இந்த இடத்தில் இருக்கக்கூடும். மதிப்பீடு தெரிந்த காவலர் கைதியையும் காப்பாற்றுகிறார், தன் வேலையையும் காப்பாற்றிக்கொள்கிறார்.

இன்னொரு கேள்வி: ‘உள்ள யாரோடயாவது பகை இருக்கா?’ 2021 ஏப்ரலில் பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்கு வேறு சிறையிலிருந்து மாற்றப்பட்டு வந்த விசாரணைக் கைதி ஒருவர், வந்த அன்றே சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். எந்தப் பிளாக்கில் யாரை வைப்பது என்பது இட வசதிக் கணக்காக மட்டும் பார்க்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சம்பவத்தை வகுப்பில் சொல்லியே ஆக வேண்டும்.

இதைச் சொல்லும்போதே சாதி பற்றிய பேச்சு எழும். தயாராக இருங்கள். ‘சாதிவாரியா பிரிச்சு வச்சா பிரச்சினையே இல்லை சார்’ என்று அனுபவசாலி ஒருவர் சொல்வார். சுகன்யா சாந்தா வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, சிறையில் சாதி அடிப்படையில் வேலை கொடுப்பதையும் பிரித்து வைப்பதையும் அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று சொல்லிவிட்டது. கைதிகள் பதிவேட்டில் சாதிப் பத்தியையே நீக்கச் சொன்னது. சில சமூகங்களில் பிறந்தவர்களைப் பழக்கக் குற்றவாளிகள் என்று கருதும் பழைய விதிகளையும் அது விடவில்லை. ஆகவே பதிவேட்டில் எழுத வேண்டியது, எந்த வழக்கில் எதிர்த்தரப்பு யார், அந்தத் தரப்பைச் சேர்ந்தவர் இப்போது எந்தப் பிளாக்கில் இருக்கிறார், மிரட்டல் வந்திருக்கிறதா என்ற விவரங்கள். ஆளுக்கு ஆள் உள்ள பகையை எழுதினால் ஒருவரைக் காப்பாற்றலாம். சாதியை எழுதினால் சட்டத்தை மீறுகிறோம், நூறு பேரைத் தவறாக மதிப்பிடுகிறோம்.

மதிலைச் சுற்றி நடப்பது

இந்தப் பயிற்சியை வகுப்பறையில் நடத்த முடியாது. பயிற்சி பெறுபவர்களை மூன்று மூன்று பேராகப் பிரித்து, மதிலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் நடக்க விடுங்கள். விடியற்காலை ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை, நள்ளிரவில் ஒரு முறை. தப்ப நினைக்கும் ஆளாக நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். பகலில் பார்த்த மரம் இரவில் வேறாகத் தெரியும். கட்டட வேலைக்கு வந்த சாரக்கட்டு, மறந்து விட்டுப்போன ஏணி, துணி காயப்போடும் கயிறு, கழிவுநீர்க் கால்வாயின் மூடி, சாலையோரம் நின்று பொட்டலம் வீச வசதியான இடம் எல்லாம் பட்டியலில் வரும். கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி, அங்கிருந்து தெரியாத இடங்களைத் தாளில் வரையச் சொல்லுங்கள்.

செல் கம்பிகளைத் தினமும் தட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். ஓசை மாறினால் அறுபட்டிருக்கிறது என்று அர்த்தம். பல இடங்களில் இது பதிவேட்டில் கையெழுத்தாக மட்டும் நடக்கிறது. 2025 ஜூலை 25 அன்று கேரளத்தின் கண்ணூர் மத்தியச் சிறையில், ஒரு கை இல்லாத ஆயுள் கைதி கம்பியை அறுத்து வெளியே வந்து, துணிகளைக் கயிறாக்கி மதில் தாண்டினார். சில மணி நேரத்தில் ஒரு கிணற்றுக்குள் பிடிபட்டார். கம்பியை ஒரே இரவில் அறுக்கவில்லை. உடம்பை இளைக்க வைக்கச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார் என்றும் அப்போது செய்திகள் வந்தன. வகுப்பில் கேளுங்கள்: இதில் எத்தனை விஷயங்கள் ஒரு காவலரின் கண்ணில் பட்டிருக்கலாம்? சோறு வேண்டாம் என்றவரை யார் பார்த்தார்? அதை யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? ‘ஒரு கைதானே’ என்ற அலட்சியம் மதிப்பீட்டில் எங்கே புகுந்திருக்கும்?

பழைய சம்பவங்களை இப்படிக் கேள்வியாக்கித்தான் கற்பிக்க வேண்டும். வேலூரில் 1979 முதல் தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் அகாடமி இருக்கிறது. அதே ஊரின் கோட்டைக்குள், திப்பு மகால் சிறப்பு முகாமிலிருந்து 1995 ஆகஸ்டில் விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். சண்டிகரின் புரைல் சிறையில் 2004 ஜனவரியிலும் சுரங்கம்தான். சுரங்கம் என்றதும் எல்லோரும் தோண்டிய கருவியைப் பற்றிப் பேசுவார்கள். தோண்டிய மண் எங்கே போனது என்று கேளுங்கள். அந்த மண்ணைத் தேடும் கண் வந்துவிட்டால் பாதிப் பயிற்சி முடிந்தது.

நாளும் நேரமும் ஆபத்தின் ஒரு பகுதி. போபால் மத்தியச் சிறையிலிருந்து எட்டு விசாரணைக் கைதிகள் தலைமைக் காவலர் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பியது 2016 தீபாவளி இரவில். பஞ்சாபின் நாபா சிறைக்குப் போலீஸ் சீருடையில் ஆயுதங்களோடு வந்து ஆறு பேரை மீட்டுப்போனது அதே ஆண்டு நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை காலை. பண்டிகை, ஞாயிறு, பணி மாறும் நேரம், கிரிக்கெட் இறுதிப் போட்டி நடக்கும் இரவு ஆகியவற்றுக்குத் தனி மதிப்பீடு எழுதப் பழக்குங்கள். மெயின் கேட்டில் நிற்பவர் சீருடையைப் பார்த்துக் கதவைத் திறக்கக் கூடாது. அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், அனுப்பிய அலுவலகத்தோடு போனில் பேசி உறுதி செய்ய வேண்டும், அதுவரை வந்தவர் டிஎஸ்பி என்றாலும் வெளியே நிற்கட்டும். இதைச் சொல்லிக் கொடுத்தால் போதாது. பயிற்சிக் காலத்தில் ஒருநாள் முன்னறிவிப்பின்றி ஒருவரைச் சீருடையில் அனுப்பிப் பாருங்கள், ஆயுதம் இல்லாமல், கண்காணிப்பாளரின் எழுத்து அனுமதியோடு.

மாற்றத்தைப் பார்ப்பது, எழுதுவது

2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 76-ஆவது விதி, பணியாளர் பயிற்சியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. கைதிகளோடு பேசிப் பழகி நிலைமையை அறிந்து காக்கும் முறையும், பேச்சுவார்த்தையால் கொதிப்பைத் தணிக்கும் முறையும் அதில் உண்டு. நம் ஊர்ச் சிறைகளில் நல்ல தலைமைக் காவலர்கள் இதைப் பெயர் தெரியாமலே செய்துவருகிறார்கள். பிளாக்கில் நுழைந்ததும் காற்று சரியில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்த அறிவை வார்த்தையில் கொண்டுவருவதுதான் பயிற்சியாளரின் சாமர்த்தியம். அப்படிப்பட்ட ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்து, என்னத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று விடாமல் கேளுங்கள். வழக்கமாகச் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் தனித்தனியாக உட்கார்ந்தது, கேரம் விளையாடும் இடம் காலியாக இருந்தது, எப்போதும் புகார் சொல்லும் ஆள் இன்று வாய் திறக்காதது, ஒருவர் திடீரென்று செல் மாற்றிக் கேட்டது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

சென்னை மத்தியச் சிறையில் 1999 நவம்பரில், கைதி ஒருவர் இறந்த செய்தி பரவியதும் பெரும் கலவரம் மூண்டது. துணை ஜெயிலர் ஒருவர் எரித்துக் கொல்லப்பட்டார். துப்பாக்கிச்சூட்டில் கைதிகள் பலர் இறந்தார்கள். அதைக் கற்பிக்கும்போது துப்பாக்கிச்சூட்டைப் பற்றியே வகுப்பு பேசிக்கொண்டிருக்கும். நீங்கள் முந்தைய சில மணி நேரத்துக்கு இழுத்து வாருங்கள். ஒரு கைதி மருத்துவமனையில் இறந்தால் மற்றவர்களுக்கு அதை யார் சொல்வது, எப்படிச் சொல்வது, வதந்திக்கு முன்னால் உண்மை போய்ச் சேர என்ன வழி என்று திட்டம் எழுதச் சொல்லுங்கள்.

எழுதுவதற்கு வருவோம். ‘மேற்படி கைதியின் நடவடிக்கை சந்தேகத்துக்கு இடமளிப்பதாக உள்ளது’ என்ற வாக்கியத்தைப் பயிற்சியிலேயே தடை செய்யுங்கள். அதில் தகவல் எதுவும் இல்லை. ‘செவ்வாய் மாலை லாக்-அப் நேரத்தில் 4-ஆம் செல் கைதி தன் போர்வையையும் பிஸ்கட்டையும் பக்கத்துச் செல்காரருக்குக் கொடுத்துவிட்டார். காரணம் கேட்டதற்குச் சிரித்தார். திங்கள் அன்று மனைவி வர வேண்டியது, வரவில்லை. பணியில் இருந்த உதவி சிறை அலுவலரிடம் மாலை ஆறரைக்குச் சொன்னேன்’ என்று எழுதினால், படிப்பவர் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். பார்த்தது, கேட்டது, நான் நினைப்பது என்று மூன்றையும் பிரித்து எழுதப் பழக்குங்கள். பணி மாறும்போது பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால் போதாது. வருகிறவரிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

நம் பக்கத்து ஆபத்து

இந்தப் பகுதியைப் பயிற்சியாளர்கள் தவிர்க்கப் பார்ப்பார்கள். சிறைக்குள் செல்போனும் கஞ்சாவும் மதில் மேலாக மட்டும் வருவதில்லை. 1986 மார்ச் 16 அன்று திகார் சிறையில் சார்லஸ் சோப்ராஜ், பிறந்தநாள் என்று சொல்லி மயக்க மருந்து கலந்த இனிப்பைக் காவலர்களுக்குக் கொடுத்துவிட்டு வாசல் வழியாகவே வெளியே போனார். அந்த இனிப்பைக் காவலர்கள் வாங்கிச் சாப்பிடும் அளவுக்குப் பழக்கம் ஒரு நாளில் வரவில்லை. அதை எப்படி வளர்க்கிறார்கள் என்று நடித்துக் காட்டுங்கள்.

‘சார், நேத்து டபுள் டூட்டியாமே, கண்ணெல்லாம் செவந்திருக்கு.’
‘ஆமாய்யா, என்ன பண்றது.’
‘பாப்பாவுக்கு நாளைக்குப் பொறந்தநாள் வேற. லீவு குடுக்கலையா சார்?’

இந்த இடத்தில் நிறுத்துங்கள். குழந்தையின் பிறந்தநாள் இவருக்கு எப்படித் தெரிந்தது? காவலர்கள் கைதி காதுபட என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று வகுப்பு யோசிக்கத் தொடங்கும். 1995 ஜனவரியில் இங்கிலாந்தின் பார்க்ஹர்ஸ்ட் சிறையில் மூன்று கைதிகள் சிறைப் பட்டறையிலேயே சாவியும் ஏணியும் செய்து தப்பினார்கள். காவலர் இடுப்பில் தொங்கும் சாவியும் கைதி பார்க்கக்கூடிய தகவல்தான்.

சிறிய உதவியை வாங்கிவிட்டு இப்போது மிரட்டலுக்கு ஆளாகியிருக்கும் காவலர், மேலதிகாரியிடம் வந்து சொல்லக்கூடிய நிலை இருக்கிறதா என்பதையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். சொன்ன அன்றே சஸ்பெண்ட் என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். தானாக முன்வந்து சொன்னவரையும் பிடிபட்டவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்று கண்காணிப்பாளர்களுக்கான வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். ஆள் பற்றாக்குறையும் தொடர்ந்த இரவுப் பணியும் பாதுகாப்புக் குறைகள்தான். அவற்றையும் காவலர்கள் தங்கள் மதிப்பீட்டில் எழுதட்டும். மேலிடத்துக்குப் பிடிக்காது என்று அடித்துவிடாதீர்கள்.

அளவுக்கு மேல் போகாமல்

ஆபத்து என்று எழுதிவிட்டால் எதையும் செய்யலாம் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. சுனில் பத்ரா வழக்கில் 1978-இலும் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் 1980-இலும் உச்ச நீதிமன்றம் விலங்கு, தனிமைச் சிறை பற்றி எல்லை வகுத்திருக்கிறது. தப்பக்கூடும் என்ற பொதுவான சொல் போதாது, இவர் விஷயத்தில் ஏன் என்ற காரணம் எழுத்தில் வேண்டும். வழிக்காவலுக்கு வரும் ஆயுதப்படையினரோடும் இதைப் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும். உயர் பாதுகாப்புப் பிரிவில் போடப்பட்ட ஒவ்வொருவருக்கும் மறுபரிசீலனைத் தேதி குறிக்கப்பட வேண்டும். தேதி இல்லாமல் போட்ட முத்திரை வருடக்கணக்கில் நிற்கும். இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய பகை தீர்ந்திருக்கும், புதிய பகை வந்திருக்கும், படிவம் மட்டும் அப்படியே கிடக்கும். சோதனை போடும்போது அவமானப்படுத்தினால் அடுத்த முறை தகவல் சொல்ல ஒரு கைதியும் வரமாட்டார். சிறையில் பெரும்பாலான முன்னெச்சரிக்கைகள் கைதிகளிடமிருந்துதான் வருகின்றன.

பயிற்சியின் முடிவில் எழுத்துத் தேர்வு வைக்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் உண்மையான ஒரு பிளாக்கைக் கொடுத்து, ஒரு வாரத்தில் அதற்கு மதிப்பீடு எழுதி வரச் சொல்லுங்கள். அந்தப் பிளாக்கின் பொறுப்பாளர் முன்னிலையில் அதை வாதாடட்டும். மூன்று மாதம் கழித்து, சொல்லாமல் அந்தச் சிறைக்குப் போய்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ‘அனைத்தும் அமைதி’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தால் அவர்களைத் திட்டிப் பயனில்லை. எழுதியதை மேலே யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். அடுத்த வகுப்பை அதிகாரிகளுக்கு நடத்துங்கள்.